இரண்டு சதவீதத்தை யார் கையில் கொடுப்பது?

ஒரு நிறுவனத்தின் நிகர லாபம் ஓர் ஆண்டில் 5 கோடி ரூபாயை எட்டிவிட்டால், கணக்கை முடித்த கையோடு ஆடிட்டர் சொல்லிவிடுவார்: "அடுத்த வருஷத்திலிருந்து உங்களுக்கு சி.எஸ்.ஆர். உண்டு சார்." சி.எஸ்.ஆர். என்றால் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு, லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிடும் கடமை. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி என்று வேறு இரண்டு வரம்புகளும் சட்டத்தில் இருக்கின்றன. ஆனால் திருப்பூர் பனியன் ஏற்றுமதியாளரையும் கோவை பவுண்டரிக்காரரையும் ராஜபாளையம் நூற்பாலைக்காரரையும் பெரும்பாலும் பிடிப்பது இந்த 5 கோடி வரம்புதான். 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு இது. 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

கணக்கு எளிது. முந்தைய மூன்று ஆண்டு லாபம் முறையே 4 கோடி, 4.5 கோடி, 5.5 கோடி என்று வைத்துக்கொண்டால் சராசரி ஏறத்தாழ 4.67 கோடி. அதில் 2 சதவீதம், அதாவது சுமார் 9.33 லட்சம் ரூபாயைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். லாபம் என்பது இங்கே வரிக்கு முந்தைய லாபம், 198ஆம் பிரிவு சொல்லும் முறைப்படி போட்டது. ஆண்டுத் தொகை 50 லட்சத்தைத் தாண்டாதவரை இதற்கென்று தனிக் குழு தேவையில்லை, இயக்குநர் குழுவே முடிவெடுக்கலாம்.

அந்த முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதில்தான் எனக்குக் கவலை. மார்ச் மூன்றாம் வாரத்தில் யாரோ நினைவுபடுத்துகிறார்கள். கைக்கு எட்டிய இடத்தில் ஒரு காசோலை போகிறது. போட்டோ எடுத்தாகிவிட்டது, கோப்பு மூடியாகிவிட்டது. நாடு முழுக்க இப்படிச் செலவாகும் பணம் சின்னதல்ல. 2020-21இலேயே அது 26,000 கோடி ரூபாயைத் தொட்டுவிட்டது. சட்டம் பணத்தை எடுத்து வைக்கச் சொன்னது, அது நல்ல இடம் போய்ச் சேருவதை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே.

நடுத்தர நிறுவனம் ஒன்றுக்கு உண்மையில் நான்கு வழிகள் இருக்கின்றன. மத்திய அரசின் நிதிகளில் ஒன்றுக்கு அனுப்பிவிடலாம். அரசுப் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம் போன்ற அரசு அமைப்போடு சேர்ந்து செய்யலாம். தொண்டு நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கலாம். சொந்தமாக அறக்கட்டளை தொடங்கலாம். இவற்றை எடைபோட நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று: பணம் கொடுத்து நான்காவது வருஷம் அந்த வேலைக்கு யார் பதில் சொல்வார்கள்?

அதற்கு முன் அரசுக்கும் தொழிலுக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் ஒவ்வொரு வளரும் நாடும் அதை வேறு வேறு இடத்தில் போட்டிருக்கிறது.

இந்தோனேசியா 2007ஆம் ஆண்டின் 40ஆம் எண் சட்டத்தில், இயற்கை வளங்களைச் சார்ந்து தொழில் செய்யும் நிறுவனங்களுக்குச் சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பைக் கட்டாயமாக்கியது. ஆனால் எத்தனை சதவீதம் என்று சொல்லவில்லை. தொழில் அமைப்புகள் வழக்குப் போட்டன, அரசமைப்பு நீதிமன்றம் 2009இல் சட்டத்தை உறுதிசெய்தது. தொகை இல்லாத கட்டாயம் என்பதால், உள்ளூர் நிர்வாகங்கள் தம் பங்குக்கு விதிகள் போடத் தொடங்கின. தென்னாப்பிரிக்கா பணம் கேட்கவே இல்லை. கறுப்பினத்தவரின் பொருளாதார அதிகாரத்துக்கான 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நிறுவனங்களுக்கு மதிப்பெண் போடுகிறது. வரிக்குப் பிந்தைய லாபத்தில் 1 சதவீதத்தைச் சமூக மேம்பாட்டுக்குக் கொடுத்தால் அதற்கும் புள்ளிகள் உண்டு. புள்ளி குறைந்தால் அரசு ஒப்பந்தம் கிடைப்பது கடினம். கட்டாயம் இல்லாமலே கட்டாயப்படுத்தும் வழி அது. பெயருக்கு ஒருவரைப் பங்குதாரராகக் காட்டி ஏமாற்றும் பழக்கம் அங்கே வளர்ந்து, அதைக் குற்றமாக்க 2013இல் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று.

மொரிஷியஸின் அனுபவம் நமக்கு மிக நெருக்கமானது. 2009இல் நம்மைப் போலவே 2 சதவீதம் என்று தொடங்கினார்கள், நிறுவனங்களே செலவிட்டுக்கொள்ளலாம் என்றார்கள். பிறகு அரசு ஒரு தேசிய அறக்கட்டளை அமைத்து, முதலில் பாதியையும் பிறகு முக்கால் பங்கையும் வரித்துறை வழியாக அங்கே கட்டச் சொன்னது. பெரிய நிறுவனங்களின் கதவைத் தட்டத் தெரியாத சிறு அமைப்புகளுக்கு விண்ணப்பித்துப் பணம் பெறும் வழி திறந்தது உண்மை. ஆனால் நிறுவனத்தின் பார்வையில் அது இன்னொரு வரியாகிவிட்டது. வரி கட்டியவர் அந்தப் பணம் என்ன ஆயிற்று என்று ஊருக்குள் போய்ப் பார்ப்பதில்லை.

இந்தியா இவற்றுக்கு நடுவில் நிற்கிறது. எவ்வளவு என்பதை அரசு சொல்கிறது, நிறுவனங்கள் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் எதற்கு என்பதையும் பட்டியல் போட்டுவிட்டது. எங்கே, யார் மூலம் என்பது நிறுவனத்தின் கையில். தொடக்கத்தில் செலவிடாவிட்டால் காரணம் சொன்னால் போதும் என்றுதான் இருந்தது. 2019 திருத்தத்தில் சிறைத்தண்டனை வரை போனார்கள், எதிர்ப்பு வந்தது, அது நடைமுறைக்கு வருமுன்பே கைவிடப்பட்டது. 2021 ஜனவரி முதல் அபராதம் மட்டும். கட்ட வேண்டிய தொகையைப் போல இரண்டு மடங்கு அல்லது 1 கோடி, இதில் எது குறைவோ அது. பணம் கையை விட்டுப் போவதற்கு உத்தரவாதம் கிடைத்துவிட்டது என்றுதான் இதைப் படிக்க வேண்டும். கட்டாயம் வருமுன் 2 சதவீதத்துக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்த சில பெரிய நிறுவனங்கள், சட்டம் வந்தபின் அந்த அளவுக்கு இறங்கிவந்தன என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கட்டாயம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். கொடுக்காதவர்களைக் கொடுக்கவைத்தது அதுதான். ஆனால் அதன் விலையும் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது வழிகள்.

மத்திய அரசு நிதிக்கு அனுப்புவது எல்லாவற்றிலும் சுலபம். பிரதமர் தேசிய நிவாரண நிதி, பி.எம். கேர்ஸ் இரண்டும் ஏழாவது அட்டவணையில் இருக்கின்றன. ஒரு பரிமாற்றம், ஒரு ரசீது, வேலை முடிந்தது. வெள்ளம், பெருந்தொற்று என்று நாடே தவிக்கும்போது இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சாதாரண ஆண்டில் இதைத் தேர்ந்தெடுக்கும் நிறுவனம், மொரிஷியஸ் சட்டம் போட்டுச் செய்ததைத் தானாகவே செய்துகொள்கிறது என்பேன். நான்காம் வருஷக் கேள்வியைக் கேட்கக்கூட அங்கே ஆளில்லை.

இதில் மாநிலங்களுக்கு நேர்ந்த அநீதி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2020 மார்ச் 28இல் பி.எம். கேர்ஸ் நிதிக்குத் தருவது சி.எஸ்.ஆர். ஆகும் என்று கம்பெனி விவகார அமைச்சகம் அறிவித்தது. ஏப்ரல் 10இல் வந்த இன்னொரு சுற்றறிக்கை, முதலமைச்சர் நிவாரண நிதிக்குத் தருவது ஆகாது என்றது. மருத்துவமனையும் மருத்துவரும் மாநில அரசுடையவர்கள். ஆலை நிற்கும் மண்ணும் தொழிலாளியின் ரேஷன் கார்டும் மாநிலத்துடையவை. பணத்துக்கு மட்டும் ஒரே திசை. மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குக் கொடுத்தால் கணக்கில் வரும் என்று அதே சுற்றறிக்கை ஒரு வழி விட்டது. முதலமைச்சர் நிதிக்கு அனுப்பிவிட்டு சி.எஸ்.ஆர். கணக்கில் எழுத நினைக்கும் நிறுவனங்கள் இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பணம் அரசு சொல்லும் திசையில் போனால் என்ன ஆகலாம் என்பதற்கு இன்னொரு சாட்சி. குஜராத்தில் படேல் சிலைக்கு ஐந்து பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் சி.எஸ்.ஆர். கணக்கிலிருந்து 146.83 கோடி ரூபாய் கொடுத்தன. பாரம்பரியச் சின்னம் என்று காரணம் எழுதினார்கள். அது அந்த வகையில் வராது என்று தணிக்கைத் துறைத் தலைவரின் 2018ஆம் ஆண்டு அறிக்கை சொன்னது. தனியார் நிறுவனத்துக்கு இந்த நெருக்கடி அவ்வளவு நேராக வராது. ஆனால் மாவட்ட அலுவலகத்திலிருந்து வரும் ஒரு போன், "உங்க சி.எஸ்.ஆர்.ல கொஞ்சம் இதுக்கு…" என்று தொடங்குவது எல்லாத் தொழில் நகரங்களிலும் தெரிந்த கதைதான்.

இரண்டாவது வழி, அரசு அமைப்போடு சேர்ந்து செய்வது. தமிழ்நாட்டில் இதற்கு நல்ல பாதை இருக்கிறது. 2022 டிசம்பரில் முதலமைச்சர் ஸ்டாலின் தொடங்கிவைத்த "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" திட்டத்தில், எந்த அரசுப் பள்ளிக்கு என்ன தேவை என்று பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கலாம். அதன் அறக்கட்டளைக்குத் தொழிலதிபர் வேணு சீனிவாசன் தலைவரானார், செஸ் வீரர் விஸ்வநாதன் ஆனந்த் விளம்பரத் தூதர். வகுப்பறையோ கழிப்பறையோ கட்டினால் அதை அரசு அமைப்பின் பெயரில் ஒப்படைக்கச் சட்டமே இடம் தருகிறது. இடம் அரசுடையது, ஆசிரியர் அரசுடையவர், பிள்ளைகள் நாளையும் வருவார்கள். ஒரு தொண்டு நிறுவனம் இழுத்து மூடப்படலாம், ஊர்ப் பள்ளி அவ்வளவு சீக்கிரம் மூடப்படாது.

ஆனால் இந்த வழியில்தான் மிகப் பெரிய பள்ளமும் இருக்கிறது. 2014இல் பள்ளிக் கழிப்பறைகளுக்கான தூய்மை இயக்கம் தொடங்கியபோது, மத்திய பொதுத்துறை நிறுவனங்கள் தம் சி.எஸ்.ஆர். பணத்தில் சுமார் 1.4 லட்சம் கழிப்பறைகள் கட்டியதாகக் கணக்குக் காட்டின. தணிக்கைத் துறை அதில் 2,695 கழிப்பறைகளை நேரில் போய்ப் பார்த்தது. 2020இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கையில் உள்ளவை இவை: 200 கழிப்பறைகள் சொன்ன இடத்தில் இல்லவே இல்லை. 83 கட்டப்படவில்லை. 86 பாதியில் நின்றன. கட்டி முடித்தவற்றில் 72 சதவீதத்தில் உள்ளே குழாய்த் தண்ணீர் கிடையாது. 30 சதவீதம் பயன்பாட்டிலேயே இல்லை: தண்ணீர் இல்லை, சுத்தம் செய்ய ஆள் இல்லை, உடைந்துபோயின, பூட்டிக் கிடந்தன, வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

இதில் என்னை உலுக்குவது ஒரு விவரம். மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் அந்தக் கழிப்பறைகளைப் பராமரிக்கும் பொறுப்பும் நிறுவனங்களுக்கே இருந்தது, செலவை சி.எஸ்.ஆர். கணக்கிலேயே எழுதிக்கொள்ளவும் வழி இருந்தது. அதாவது எழுத்தில் எல்லாம் இருந்தது. தினமும் காலையில் வாளியோடு வந்து நிற்கும் ஒரு மனிதரும், அவருக்கு மாதச் சம்பளமும்தான் இல்லை. கட்டடத்துக்குத் திறப்பு விழா உண்டு, துடைப்பத்துக்கு ஏது?

அரசுப் பள்ளியில் ஓர் ஆர்.ஓ. குடிநீர் இயந்திரம் வைத்துத் தருவதை எடுத்துக்கொள்ளுங்கள். சி.எஸ்.ஆர். பட்டியல்களில் அடிக்கடி வரும் பொருள் இது. முதல் வருஷம் ஓடும். ஃபில்டரையும் மெம்பிரேனையும் மாற்ற வேண்டிய நேரம் வரும்போது தலைமை ஆசிரியர் கையைப் பிசைவார். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட விதிப்படி 101 முதல் 250 பிள்ளைகள் வரை படிக்கும் பள்ளிக்கு ஆண்டு மானியம் 50,000 ரூபாய். சாக்பீஸிலிருந்து கரண்ட் பில், சின்னச் சின்ன ரிப்பேர், துப்புரவு வரை அதில்தான் ஓட்ட வேண்டும். அதில் மெம்பிரேனுக்கு எங்கே இடம்? போர் தண்ணீரின் உப்பு அதிகமாக இருந்தால் ஃபில்டர் இன்னும் சீக்கிரம் அடைக்கும். இயந்திரம் நிற்கும், அதன்மேல் ஒட்டிய நிறுவனப் பெயர்ப் பலகை மட்டும் பளபளவென்று இருக்கும். குறை தலைமை ஆசிரியருடையதல்ல. பொருளைக் கொடுத்தவர் அதன் வாழ்நாள் செலவைக் கொடுக்கவில்லை.

அதனால் இந்த வழியில் போகும் நிறுவனத்துக்கு என் யோசனை: 9 லட்சம் கையில் இருந்தால் 9 லட்சத்துக்கும் பொருள் வாங்காதீர்கள். சட்டம் தரும் "தொடரும் திட்டம்" என்ற வசதியைப் பயன்படுத்துங்கள். தொடங்கிய ஆண்டு போக மூன்று ஆண்டுகள் வரை ஒரே வேலையை நீட்டலாம், அந்த ஆண்டு செலவாகாத பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு வைக்கலாம். பராமரிப்புக்கு அதிலிருந்து பணம், பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு மேற்பார்வை, கடைசி ஆண்டுக்குப் பிறகு உள்ளாட்சியோ கல்வித்துறையோ பொறுப்பேற்கும் என்று கையெழுத்து. அந்தக் கையெழுத்து கிடைக்காவிட்டால் கட்டடம் வேண்டாம். நூலகப் புத்தகமோ விளையாட்டுப் பொருளோ வாங்கிக் கொடுங்கள்.

அரசின் கடமையை நிறுவனம் தோளில் ஏற்றிக்கொள்வதில் ஓர் ஆபத்து உண்டு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஆசிரியர் நியமனம், செவிலியர் சம்பளம் போன்றவை மக்கள் வரிப்பணத்தில், சட்டமன்றத்தில் கேள்வி கேட்கும் உரிமையோடு நடக்க வேண்டியவை. லாபம் குறைந்த ஆண்டில் நிறுவனத்தின் 2 சதவீதமும் குறையும். குழந்தையின் படிப்பு, பருத்தி நூலின் விலையோடு சேர்ந்து ஏறி இறங்கலாமா? அரசு செய்யத் தயங்கும் ஒன்றைச் செய்து பார்த்துக் காட்டுவதும், இருப்பதன் தரத்தை உயர்த்துவதும்தான் நிறுவனத்துக்குரிய இடம் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது, தொண்டு நிறுவனம். மனிதர்களோடு மனிதர்கள் செய்யும் வேலைகளுக்கு இதுவே சரி: குடிநோய் மீட்பு, பள்ளியை விட்டு நின்ற பெண் குழந்தைகளைத் திரும்பச் சேர்ப்பது, மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு வீட்டுப் பயிற்சி, வட மாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியில் தொடக்க வகுப்பு. இவற்றைப் பொருளாக வாங்கிக் கொடுக்க முடியாது. சரிபார்ப்பும் முன்பைவிட எளிது. 2021 ஏப்ரல் முதல் தொண்டு அமைப்பு சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிந்து எண் பெற்றிருக்க வேண்டும். வருமான வரிச் சலுகைக்கான (1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஏ, 80ஜி) பதிவுகளும், இதுபோன்ற பணியில் மூன்றாண்டு அனுபவமும் வேண்டும்.

ஆனால் நிறுவனங்கள் இந்த வழியில் ஒரு கொடுமையைத் தெரியாமலே செய்கின்றன. நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதியைத் தொண்டு அமைப்பின் தலையில் கட்டுகிறார்கள். அந்த 5 சதவீதம், நிறுவனம் தன் சி.எஸ்.ஆர். நிர்வாகத்துக்குத் தானே செய்துகொள்ளும் செலவுக்கான உச்சவரம்பு. களப்பணியாளரின் சம்பளமும் பஸ் செலவும் திட்டத்தின் உயிர், அது நிர்வாகச் செலவாகாது. "சம்பளத்துக்குத் தர மாட்டோம், பொருளுக்கு மட்டும் தருவோம்" என்று சொல்லும் நிறுவனம், நல்ல ஊழியரை அடுத்த வருஷமே இழக்கவைக்கிறது. ஒரு வருஷத்துக்கு மட்டும் காசு என்பதும் அப்படித்தான். குடிநோயிலிருந்து மீள்பவருக்கு மார்ச் 31 என்று ஒரு நாள் கிடையாது.

காசோலை போனதோடு கடமை முடிந்துவிடாது என்பதையும் நிதிப் பொறுப்பாளர்கள் கவனிக்க வேண்டும். கொடுத்த பணம் சொன்ன வேலைக்குச் செலவானது என்று நிறுவனத்தின் நிதிப் பொறுப்பாளர்தான் சான்று தர வேண்டும்.

சொந்த அறக்கட்டளையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டி.வி.எஸ். குழுமத்தின் சீனிவாசன் சேவை அறக்கட்டளை 1996இலிருந்து கிராமங்களில் வேலை செய்கிறது, சட்டம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே. ஊரில் தங்கி, ஆண்டுக்கணக்கில் அதே மக்களோடு பழகும் ஆட்கள் இருந்தால் இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் அதற்கு ஊழியர், அலுவலகம், தணிக்கை எல்லாம் வேண்டும். ஆண்டுக்கு 9 லட்சம் உள்ளவர் இதைத் தொடங்கினால் அலுவலகத்துக்கே பாதி போய்விடும். அதோடு, முதலாளியின் குடும்பத்தார் பெயரில் தொடங்கி முதலாளியின் குடும்பக் கோயிலில் முடியும் அறக்கட்டளைகளும் இருக்கின்றன. ஒரே தொழிற்பேட்டையின் பத்து நிறுவனங்கள் சேர்ந்து செய்வதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஒவ்வொருவரும் தத்தம் செலவைத் தனியே கணக்குக் காட்ட முடிந்தால் போதும். திருப்பூர் போன்ற ஊரில் இது இன்னும் ஏன் பரவலாகவில்லை என்று ஆதங்கமாக இருக்கிறது.

எந்த வழியானாலும் ஒன்றை இதோடு கலக்கக் கூடாது. தன் ஆலை செய்த தீங்கைச் சரிசெய்வது சி.எஸ்.ஆர். ஆகாது. சட்டப்படி செய்தே தீர வேண்டியதைச் சி.எஸ்.ஆர். கணக்கில் எழுத விதியும் தடை போடுகிறது. கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஆலை, பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடைக்குப் போனது வெளிவந்து 2001இல் மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்த 591 பேருடன் நிறுவனம் ஓர் உடன்பாட்டுக்கு வர 2016 ஆயிற்று. பதினைந்து ஆண்டுகள். சாயக் கழிவைச் சுத்திகரிப்பது, தொழிலாளிக்கு முகக் கவசம், மிகைநேரச் சம்பளம் எல்லாம் முதல் கடமை, அவற்றை வாங்கித்தர வேண்டியது அரசின் ஆய்வாளர். இந்தப் பங்கை அரசு சரியாகச் செய்யாத இடத்தில், பள்ளிக்கு வாங்கித் தரும் மேசை நாற்காலியால் அது நிறைந்துவிடாது.

அப்படியென்றால் எதைத் தேர்ந்தெடுப்பது? ஆண்டுக்கு 10 லட்சம் வரை என்றால், ஆலையைச் சுற்றியுள்ள ஒரே ஓர் அரசுப் பள்ளி அல்லது ஆரம்ப சுகாதார நிலையம், அதுவும் பராமரிப்புப் பணத்தோடு. பத்து பள்ளிக்குப் பத்து பீரோ வேண்டாம். 10 லட்சத்துக்கு மேல் 50 லட்சம் வரை என்றால், பாதியை அங்கேயே வைத்துக்கொண்டு, மீதியை நல்ல தொண்டு அமைப்பு ஒன்றுக்கு மூன்றாண்டு வாக்குறுதியாகக் கொடுப்பேன். அதற்கு மேல் உள்ளவர்களுக்கு இன்னொரு கேள்வியும் சேர்கிறது: எந்த ஊரில்?

உள்ளூருக்கு முன்னுரிமை என்று சட்டம் சொல்வதால் பணம் ஏற்கெனவே தொழில் உள்ள இடங்களிலேயே சுற்றுகிறது. மகாராஷ்டிரம், குஜராத், கர்நாடகம், தமிழ்நாடு முன்னால் நிற்கின்றன, வடகிழக்கு மாநிலங்களுக்குச் சொற்பம். அந்த முன்னுரிமை வழிகாட்டுதல்தான், கட்டாயமில்லை என்று அமைச்சகமே 2021இல் விளக்கியிருக்கிறது. மத்திய அரசு 2018இல் தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் உள்ள 112இல் ராமநாதபுரமும் விருதுநகரும் இருக்கின்றன. பெரிய ஆலைகள் அதிகமில்லாத ராமநாதபுரம் கடற்கரைக் கிராமத்துக்குக் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்று போகத் தடையேதும் இல்லை.

நிதிகளுக்கு அனுப்புவதைக் கடைசிக்கு வைத்திருங்கள். தொடரும் திட்டத்துக்குச் சேராமல் மிஞ்சிய பணத்தை ஆண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள், அதாவது செப்டம்பர் 30க்குள், எப்படியும் அங்கேதான் கட்ட வேண்டும். தொடரும் திட்டத்தின் பணம் என்றால் ஏப்ரல் 30க்குள் தனிக் கணக்குக்கு மாற வேண்டும். இந்தத் தேதிகளில் மூச்சு முட்டாமல் இருக்க, முடிவை மார்ச்சிலிருந்து ஜூனுக்கு நகர்த்துங்கள். பள்ளி திறந்திருக்கும் மாதம் அது. தலைமை ஆசிரியரிடம் என்ன வேண்டும் என்று கேட்பதோடு, போன முறை யாரோ கொடுத்த பொருள் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வாருங்கள்.